பத்து மணி மேட்சுக்குப் பன்னிரண்டு மணி

மூன்று வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை, வாட்ஸ்அப் மெசேஜில் நேரத்தை மாற்றி டைப் செய்தேன். பத்து மணிக்குப் பதில் பன்னிரண்டு.

கை தவறி அல்ல... தெரிந்தேதான்.

விஷயம் இதுதான். லண்டனில், விம்பிள்டன் பக்கம் எங்களுக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருக்கிறது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். எல்லாரும் யாழ்ப்பாணத்து ஆட்கள் — பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்கு முதுகு வலி. அதில் எட்டு வருடமாக நான்தான் சென்டர் ஃபார்வர்ட். வார நாட்களில் பார்மசியில் மருந்து கொடுக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் அடிக்கிறவன். இரண்டில் எது நான் என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்லுவேன்.

அங்கேதான் வந்து சேர்ந்தார் ஃபெர்மின்.

எங்கள் கோல்கீப்பர் யோகன் அண்ணையின் பக்கத்து வீட்டில் ஹொண்டூராஸ் நாட்டு நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அப்பா. மனைவி இறந்தபிறகு மகளோடு இருக்க லண்டன் வந்தவர். "சும்மா வீட்டுக்குள்ளயே இருக்கிறார், பாவம்" என்று அண்ணை கூட்டிக்கொண்டு வந்தார். நரைத்த தலை, சின்னத் தொப்பை. நானும் பாவம் என்றுதான் நினைத்தேன்.

முதல் பந்து அவர் காலுக்கு வந்தது. நிறுத்தினார். அவ்வளவுதான்... வளர்த்த நாய்க்குட்டி மாதிரி பந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அன்று மாலை யூடியூபில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது!

துறைமுகத்தில் வாழைக்குலை ஏற்றியவரின் மகன். பதினேழு வயதில் தலைநகரத்து கிளப். பிறகு மெக்சிகோ, ஸ்பெயின். தேசிய அணிக்காக அவர் அடித்த ஒரு கோலுக்கு மறுநாள் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்களாம். முழங்கால் கெட்டு அவர் ஆட்டத்தை விட்டபோது, ஸ்டேடியமே எழுந்து நின்று அழுகிறது. பக்கத்தில் இருந்து பார்த்த என் மனைவி கலாவும் கண்ணைத் துடைத்தாள்.

"எவ்வளவு பெரிய ஆள்! எண்டாலும் பாருங்கோ, எவ்வளவு அடக்கம்."

கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் என் மேட்ச் ஒன்றுக்குக்கூட வந்தவளில்லை அவள்.

பொறாமை வயிற்றில் எரியும் என்பார்கள். எனக்குக் காதில் எரிந்தது. நாலு ஞாயிறாக மைதானம் முழுக்க ஒரே சத்தம் — "ஃபெர்மினுக்குக் குடு! ஃபெர்மினுக்குக் குடு!" என்னை ரைட் விங்குக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே பேச்சுத்துணைக்கு கார்னர் கொடி மட்டும்தான்.

அப்போதுதான் கப் செமிஃபைனல் வந்தது. ஞாயிறு காலை பத்து மணி. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாம் தமிழ். "ஃபெர்மினுக்கு இங்கிலீஷில ஒரு மெசேஜ் போட்டுவிடு தம்பி" என்றார் யோகன் அண்ணை.

போட்டேன்.

அவர் இல்லாமலே வென்றோம். ஒரே ஒரு கோல். அடித்தவன் நான் — யாரோ உதைத்த பந்து என் தொடையில் பட்டு உள்ளே போனது. என்னைத் தூக்கிக் கொண்டாடினார்கள்.

பன்னிரண்டுக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது கார் பார்க்கில் வந்து இறங்கினார் ஃபெர்மின். கையில் பாலிஷ் போட்ட பூட்ஸ். கூடவே மகள். சின்ன வயதில் பார்த்த அப்பாவின் ஆட்டத்தை இன்னொரு முறை பார்க்க, ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"எங்க போனீங்கள்? மேட்ச் முடிஞ்சுது!" என்று யோகன் அண்ணை இங்கிலீஷில் கத்தினார்.

ஃபெர்மின் ஃபோனை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஃபோனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"என்ரை பிழை. கண்ணாடி போடாமல் வாசிச்சிட்டன்."

மகளின் முகம் வாடிப்போனது. அந்தக் கோலின் ருசி எனக்கு அதோடு போயிற்று.

புதன்கிழமை முழங்காலுக்கு ஜெல் வாங்க பார்மசிக்கு வந்தார். கவுன்டரில் வேறு யாரும் இல்லை. அடக்க முடியவில்லை.

"நான் வேணுமெண்டுதான் நேரத்தை மாத்திப் போட்டனான்" என்றேன். "எனக்கு உங்களில பொறாமை."

அவர் அதிரவில்லை. சிரிக்கவும் இல்லை. பாதி இங்கிலீஷ், பாதி ஸ்பானிஷில் சொன்னதில் எனக்குப் புரிந்ததை நம் பேச்சில் தருகிறேன்.

"பதினேழு வயசில என்னைத் தெரிவு செய்ய கிளப்காரர் ஊருக்கு வந்தவை. 'உன்னைப்போல விளையாடுற வேற ஆரும் இங்க இருக்கினமோ?' எண்டு கேட்டவை. இல்லையெண்டு சொன்னன். ஆனா ஒருத்தன் இருந்தவன். பக்கத்து வீட்டு ஹொர்ஹே. அண்டைக்குக் காய்ச்சலெண்டு படுத்திருந்தான். என்னைவிடத் திறம்... ரெண்டு காலாலயும் அடிப்பான். இப்ப அங்க பஸ் ஓட்டுறான். நான் கோல் அடிச்ச நேரமெல்லாம் போன் எடுத்து அழுவான் — சந்தோசத்தில. அவனுக்கு நான் இதைச் சொன்னதே இல்லை. நீங்கள் மூண்டு நாளில சொல்லிட்டீங்கள்."

ஜெல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யோகன் அண்ணையிடமும் உண்மையைச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஃபைனலில் நானாகவே பெஞ்சில் உட்கார்ந்தேன். மகள் கத்தக் கத்த ஃபெர்மின் இரண்டு கோல் அடித்தார். கைதட்டினேன். முழு மனதோடு என்று சொன்னால் அது இன்னொரு பொய்!

மேட்ச் முடிந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஹொர்ஹேக்குச் சொல்லிட்டன்."

"என்ன சொன்னவர்?"

"ஒண்டே ஒண்டுதான் கேட்டான்... 'அங்க சரியான குளிராமே, ஒழுங்காச் சாப்பிடுறியோ?'"

ஃபெர்மின்மேல் இருந்த பொறாமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. இப்போது எனக்கு அந்த பஸ் டிரைவர்மேல்தான் பொறாமை.