பெட்டி திறக்கிற காட்சி

எண்பதுகளின் நடுவில், செம்பூரில் ஒரே அறையில் அம்மாவும் நானும் குடியிருந்தபோது, நான் சினிமாவுக்கு ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் ஆபீஸில் டைப் அடித்துவிட்டு வந்தவனுக்கு வேறு வேலை இல்லை, அவ்வளவுதான். பெரிய லட்சியம் என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம்.

கதை கேட்க ஒரு நண்பன் இருந்தான். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன், இந்திப் படங்களில் உதவி இயக்குநர். தாராவியில் தோல் பை தைத்து விற்கும் ஒரு பாய், நல்ல கதை அமைந்தால் தமிழில் படம் எடுக்கலாம் என்று அவனிடம் சொல்லியிருந்தார். நண்பன் தமிழில் பொரிந்து தள்ளுவான், ஆனால் வாசிக்க வராது. சினிமா போஸ்டரைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அதனால் நான் எழுதியதை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில், வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் சொன்ன கதையில் ஒரு கட்டடத்துச் சனம் முழுக்க இருந்தது. குழாயடிச் சண்டை, வேலை போன ஆள், கலர் டி.வி. வாங்கிய வீடு, கல்ஃபுக்குப் போன மகனிடமிருந்து தகவலே இல்லாத இன்னொரு வீடு.

"அரே பாபா, இது யார் கதைடா?" என்றான்.

"எல்லார் கதையும்தான்."

"எல்லார் கதைன்னா ஒருத்தரும் அழ மாட்டா. ஒருத்தனைப் பிடி. அவனுக்கு என்ன வேணும், கிடைக்கலேன்னா என்ன ஆகும், அதை மட்டும் சொல்லு. பாக்கியெல்லாம் வெட்டித் தள்ளு."

எதை வைத்துக்கொள்வது என்றும் அவனே சொன்னான். கல்ஃப் வீடு.

அது எங்கள் வீடு. அவனுக்கு அது தெரியாது. அண்ணன் ஏஜென்ட் மூலம் போனான். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. விசாரிக்கப் போனபோது ஏஜென்ட் கடையையே காலி செய்திருந்தான். அதற்கப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. யார் கேட்டாலும் "நல்லா இருக்கான்" என்று சொல்வது எங்கள் வழக்கமாகிவிட்டது. சொல்லிச் சொல்லி எனக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது. வருத்தம்கூட வரவில்லை.

அடுத்த வாரங்களில் அவன் என்னை விடவில்லை. "தம்பிக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

"ஒண்ணும் வேண்டாதவனை வச்சுண்டு எப்படிடா படம் எடுக்கறது?"

எரிச்சலில், வீட்டில் இருந்ததையே எடுத்துச் சொன்னேன். தம்பிக்குப் பக்கத்துச் சுனாபட்டியில் ஒரு பெண் பேசியிருக்கிறார்கள். மூத்தவன் இருக்கும்போது இளையவனுக்கு முடிக்க மாட்டேன் என்கிறாள் அம்மா. பெண் வீட்டார் ஆவணி வரைக்கும்தான் காத்திருப்பார்கள்.

நண்பன் மேஜையைத் தட்டினான். "இதோ இருக்கு டென்ஷன்! அண்ணன் செத்துட்டான்னா தம்பிக்குக் கல்யாணம். இருக்கான்னா கிடையாது. ஆவணிக்குள்ள அம்மா ஏதாவது ஒண்ணை ஒத்துக்கணும்."

நான் காபியைக் குடித்தேன். அப்போது ஆடி மாதம் நடந்துகொண்டிருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு நல்ல மழை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் ஓடவில்லை. கதைக்கு முடிவு தெரியாமல் தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு, நண்பன் நனைந்தபடி செம்பூருக்கே வந்துவிட்டான். அம்மா ஸ்டவ்வில் பால் வைத்திருந்தாள். நான் தணிந்த குரலில் ஆரம்பித்தேன். மழைச் சத்தத்தில் காதில் விழவில்லை, உரக்கச் சொல் என்றான். சொன்னேன். தம்பிக்குத் தகவல் வருகிறது. ஏர்போர்ட்டுக்குப் போகிறான். கார்கோவில் ஒரு பெட்டி வந்திருக்கிறது.

"நில்லு. பெட்டிக்குள்ள அண்ணனா, வேற யாராவதா? ரெண்டுல ஒண்ணு இப்பவே முடிவு பண்ணு."

அம்மா ஸ்டவ்வை அணைத்தாள்.

"பெட்டியத் தொறக்கச் சொல்லு" என்றாள்.

நண்பனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, அம்மாவே சீன் சொல்றா!"

"மூஞ்சியப் பாக்காம எவ நம்புவா? தொறந்து காட்டச் சொல்லுல."

அவள் குரலைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு போய்விட்டது. என் முகத்தைப் பார்த்தான். "இன்னொரு நாள் பாத்துக்கலாம், விடு" என்றான்.

"ஏன் நிப்பாட்டுத? மேல சொல்லு" என்றாள் அம்மா.

சொன்னேன். ஆணியைப் பிடுங்கினார்கள், பலகையை எடுத்தார்கள், துணியை விலக்கினார்கள். "அண்ணன்தாம்மா" என்றேன். கதையில் தம்பி பேசும் வசனமாகத்தான் அதைச் சொன்னேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"மெலிஞ்சிருந்தானா?"

"இல்லம்மா. போகும்போது இருந்த மாதிரியேதான்."

அம்மா தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை வருஷத்தில் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். பக்கத்து அறைப் பெண்கள் ஓடிவந்தார்கள். "என் மூத்தவன் போயிட்டான்" என்று அவர்களிடம் சொன்னாள். எப்போது தகவல் வந்தது என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். நண்பன் ஈரக்குடையைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றான். இந்த இடத்தில் நானும் அழ வேண்டும் என்று தோன்றியது, ஆனால் வரவில்லை. எல்லாம் யாரோ எழுதிய காட்சி போல நடந்துகொண்டிருந்தது.

எல்லோரும் போன பிறகு அம்மா முகம் கழுவினாள். பாலை மறுபடி சுட வைத்து எங்கள் இருவருக்கும் காபி கொடுத்தாள். டம்ளரை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவன் போயி வருசம் தாண்டியிருக்கும்ல. இனித் துட்டி, தீட்டு ஒண்ணும் கிடையாது. ஆவணியிலயே வச்சுக்கிடலாம்னு சுனாபட்டிக்குச் சொல்லிரு."

அண்ணன் எனக்குச் செத்துப்போனது அப்போதுதான்.