துக்க வீட்டைத் தாண்டிப் போன பவனி

எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறையும் இந்த ஈஸ்டர் நாட்களில், அவரை நேசித்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம்.

நல்லூருக்கு அருகே பிறந்த அப்பா, விவரம் தெரியாத வயதிலேயே தாயை இழந்தவர். பிழைப்புத் தேடி விருத்தாசலம் வந்து பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சேர்ந்தார். கம்பெனி மூடிக்கிடந்த மாதங்களில் கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போய் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். சுனாமி வந்தபோது, தன் புது வேட்டியையும் உதவித் துணி மூட்டையில் சேர்த்துக் கட்டிக்கொண்டு கடலூர்க் கரைக்கு ஓடினார். கோபம் வந்தால் வீடே அதிரும், அடுத்த நிமிடம், "டீ இருக்குதா?" என்பார்.

ஈஸ்டர் விடியலில் எங்கள் சபையார் மேளத்தோடு தெருத்தெருவாகப் பாடி வருவது வழக்கம். அப்பாதான் முன்னால் ஓடிக் கதவுகளைத் தட்டுவார். "கர்த்தர் உயிர்த்தெழுந்தார்!" என்று அவர் போடும் சத்தத்துக்கு, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று வீட்டார் பதில் சொன்னால்தான் நகர்வார்.

கடந்த ஆண்டு குருத்தோலை ஞாயிறு முடிந்த வாரத்தில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்து வந்த அம்மா யாரிடமும் பேசவில்லை. "ஜெபம் பண்ணி என்னத்தக் கண்டேன்?" என்று ஒரு முறை சொன்னதோடு சரி. அப்பாவோடு அம்மாவின் விசுவாசமும் போய்விட்டதோ என்று பயந்துபோனோம்.

ஈஸ்டர் விடிந்தது. எங்கள் தெருவுக்குள் பவனி திரும்பியதும் மேளம் நின்றது. துக்க வீடாயிற்றே, சத்தமில்லாமல் போய்விடலாம் என்று சபையார் பேசி வைத்திருக்கிறார்கள். செருப்புச் சத்தம் மட்டும் எங்கள் வாசலைத் தாண்டியது. சுவரில் சாய்ந்திருந்த அம்மா விருட்டென்று எழுந்து கதவைத் திறந்தார்.

"ஏன் பாட்ட நிறுத்திட்டீங்க?"

"இல்லம்மா, உங்க மனசு..." என்று போதகர் ஐயா தடுமாறினார்.

"நல்லா இருக்குற வூட்டுக்கெல்லாம் சொல்லிட்டு, சாவு வூட்ட மட்டும் தாண்டிப் போறீங்களே ஐயா! எனக்குத்தான இந்தச் சேதி வேணும்? சொல்லுங்க!"

எதிர்வீட்டு டெய்லர் மாமா எங்கள் சபையைச் சேர்ந்தவரல்லர். வருடா வருடம் அப்பாவால் தூக்கம் கெட்டவர். சட்டைகூடப் போடாமல் தெருவுக்கு வந்து, "கர்த்தர் உயிர்த்தெழுந்தார், தங்கச்சி!" என்று கத்தினார்.

அம்மா வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே, "மெய்யாவே உயிர்த்தெழுந்தாரு," என்றார்.

எங்களைத் தாங்கிய போதகர் ஐயாவுக்கும், சபையாருக்கும், டெய்லர் மாமாவுக்கும், திட்டக்குடியிலிருந்து சமைத்து எடுத்து வந்த சித்திக்கும் எங்கள் நன்றி என்றும் உரியது.

இந்த ஆண்டு பவனி, சாவு நடந்த வீடுகளுக்கே முதலில் போகிறது. அம்மா கேட்டு வாங்கிய முறை அது. உங்கள் வீட்டிலும் யாரையேனும் இழந்திருந்தால் விடியலில் விழித்திருங்கள். வருகிறோம்.

மூத்த மகள்