ஊருக்குத் தூக்கி வர முடியாத ஒன்று

சோப்பு வாசனை. அதுவும் உறை பிரிக்காத சோப்பு. அதோடு முகப்பவுடர், தைலம், புதுப் போர்வையைச் சுற்றிய பிளாஸ்டிக் எல்லாம் வெயிலில் ஒன்றாக வெந்தாற்போல ஒரு வாசனை. கடைத்தெருவில் எங்காவது அது மூக்கில் ஏறினால் போதும், நான் கூத்தாநல்லூர் வீட்டு ஹாலில் நிற்கிறேன். சவூதியிலிருந்து வந்த அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டிக் கயிற்றை அறுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெட்டியில் தங்கம் வந்ததைவிடத் தட்டுமுட்டுச் சாமான் வந்ததுதான் அதிகம். நாங்களாகக் காசு கொடுத்து வாங்கவே மாட்டோம் என்கிற பொருள்கள். உம்மா குளியலறையில் வழுக்கிவிட்டார் என்று போனில் சொன்னோம். அடுத்த வருகையில் ரப்பர் விரிப்பு வந்தது. ஊறுகாய் ஜாடியோடு மல்லுக்கட்டும் எனக்கு, மூடியைக் கவ்வித் திருகும் ஒரு கருவி வந்தது. அதற்குப் பெயர் தெரியாததால் எங்கள் வீட்டில் அது 'அண்ணன் இடுக்கி'. போன் பேசும்போதே யார் வீட்டில் எது ஒழுகுகிறது, எது தேய்ந்துவிட்டது என்று காதாலேயே பார்த்துவிடுவார்.

அவர் இருக்கும் இடமோ எங்களுக்கு ஒரு கைபேசி அகலம்தான். ஒரு முகம், பின்னால் சுவர், சுவரில் ஆணி, ஆணியில் சட்டை.

போன வருஷம், இனிப் போகப்போவதில்லை என்று வந்துவிட்டார். கழுத்தெலும்பு தேய்ந்திருந்தது. ஆனால் எங்கள் குடும்பத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் குடியிருக்க ஒரு வீடும் கொடுக்க வேண்டும். மூத்தவளுக்குக் கொடுத்தாயிற்று. சின்னவளுடையது அஸ்திவாரத்தோடு நின்று, கம்பிகள் துருவேறி, மழைக்காலத்தில் தவளைகளுக்கு வீடாகியிருந்தது. தை அறுவடை முடிந்த கையோடு, அறுபதைத் தொடப்போகிறவருக்குக் காவலாளி வேலைக்கு விசா வந்தது.

புறப்படுவதற்குச் சில நாள் முன்பு போயிருந்தேன். மத்தியானம். கட்டிலில் மெத்தையும் தலையணைகளும் சும்மா கிடக்க, அண்ணன் தரையில் கைலியைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்து ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது. எழுந்ததும் கேட்டேன். பழகிவிட்டது என்றார். அங்கேயும் இப்படித்தானா என்றேன்.

"அங்க தலையணை வாங்கணும்னு தோணுனதே இல்ல புள்ள. ஊருக்கு வர்றப்ப அதைத் தூக்கிட்டா வர முடியும்?"

சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். நான் என் டம்ளரைக் கீழே வைத்தேன். கடைகடையாக ஏறி இறங்கிய அந்தக் கண், இது பெட்டியில் போகுமா என்று மட்டுமே பார்த்திருக்கிறது. போகாதது வேண்டாதது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று, நாளையே கிளம்பப்போகிறவர்போலவே அங்கே படுத்து எழுந்திருக்கிறார். அதற்குள் தாடி நரைத்துவிட்டது.

மறுநாளே மன்னார்குடிக்கு பஸ் ஏறினேன். இலவம்பஞ்சு, திணிக்காமல், கழுத்துக்கு இதமாகக் கொஞ்சம் தளர்வாக அடைத்துத் தரச் சொன்னேன். வெள்ளை உறை ஒன்றும் வாங்கினேன். திரும்பும் வழியெல்லாம் அறுத்த வயல்களில் உளுந்து பச்சை காட்டிக்கொண்டிருந்தது. என் மனசுக்கு அன்று ஒரு துள்ளல். ஒரு தடவையாவது அவருக்கு நான்.

பெட்டியில் இடமில்லை. அறையில் கூட இருப்பவர்களுக்கு வடகம், ஊறுகாய், தேங்காய் எண்ணெய், மல்லிப்பொடி என்று ஏற்கெனவே பிதுங்கியது. கையில்தான் கொண்டுபோக வேண்டும் என்றேன். அண்ணி அழுத கண்ணோடு கேலி செய்தார்.

"கக்கத்துல தலையணையோட போங்க. புது மாப்பிள்ளை மாமியா வீட்டுக்குப் போறாருன்னு சிரிக்கட்டும்."

"மாமியா வீடுன்னா நாலு நாள்ல தொரத்தி விட்டுருவாங்களே," என்றார் அண்ணன்.

அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டார்.

வேனில் தலையணை என் மடியிலேயே வந்தது. திருச்சி விமான நிலைய வாசலில் தலையணையை நீட்டினேன். வேண்டாம் என்பார், வீட்டிலேயே வைத்திரு, வந்து படுத்துக்கொள்கிறேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார். அழுத்திப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். தங்கப்போகிறவர்தான் தலையணை வாங்கிக்கொள்வார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது.

எல்லாருக்கும் சலாம் சொல்லித் தடுப்புக் கம்பியைத் தாண்டிப் போனவர், நின்று, பெட்டி வைத்த தள்ளுவண்டியை ஓரமாக விட்டுவிட்டு என்னிடம் திரும்பி வந்தார்.

"இதுக்கு இன்னொரு உறை தைச்சு வை புள்ள. யாராவது வந்தா குடுத்து விடு. இந்தத் தடவ நாளாகும்."