நான் திரித்துச் சொன்ன பிரெஞ்சுப் படம்

ஒரு தூக்குச்சட்டியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

அப்போது குடவாசலில் ஓர் உரக்கடையில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தேன். "செவுரெல்லாம் கறுப்பு செவப்பு, வரப்பெல்லாம் தனிச் செவப்பு" என்று அந்த நாள்களைப் பற்றிக் கடைக்கு வருகிற ஒருவர் சொல்வார். நில உச்சவரம்பு, பினாமி, அறுப்புக் கூலி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பேச்சு. விவசாயத் தொழிலாளர் கூட்டங்களில் பேச்சாளர் வந்து சேர்கிறவரை ஆட்களைப் பிடித்து உட்காரவைப்பது எங்கள் பாட்டுக்குழுவின் வேலை.

குழு என்றால் மூன்று பேர். பாடுகிறவர் தையல் பயிற்சி நிலையத்தின் டீச்சர். காரைக்காலிலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கியிருந்தார். ஆர்மோனியம் வாசிக்கிறவருக்குப் பந்தல் போடுவது தொழில். நாலு வார்த்தை கேட்டால் ஒரு "ம்" கிடைக்கும். டோலக் தட்டுவதும் மைக்கில் பேசுவதும் நான். படிப்பு ஐந்தாவதோடு சரி. பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையெல்லாம் பிரித்துப் படித்தே வாயை வளர்த்துக்கொண்டவன். ஊருக்கெல்லாம் பேசுகிற அந்த வாய், டீச்சர் மேல் இருந்த ஆசையை டீச்சரிடம் சொல்ல மட்டும் திறக்கவில்லை.

ஒருநாள் டீச்சருக்குச் சளி. மேடையேறுமுன் அவர் லேசாக முனகிப் பார்த்ததுமே, பந்தல்காரர் சுருதியை அரைக்கட்டை இறக்கிவிட்டார். டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. டோலக்கில் எதை இறக்குவது? அதற்கப்புறம் கண் அதிலேயே நின்றது. கூட்டம் முடிந்து திரும்பும்போது டீச்சர் தன் தூக்குச்சட்டியைப் பந்தல்காரர் சைக்கிளில், ஆர்மோனியப் பெட்டியின் மேல்தான் வைப்பார். என் சைக்கிளிலும் கேரியர் இருந்தது. புதுக் கேரியர்.

அந்த வருஷம் கூலித் தகராறில் அறுப்பு நின்றுபோய், ரைஸ்மில் கிடங்கு காலியாகக் கிடந்தது. தஞ்சாவூர்க் கல்லூரி வாத்தியார் ஒருவர், மில்லும் நிலமும் வைத்திருந்த முதலாளிக்குச் சொந்தக்காரர், ஊர் ஊராகப் போய் வெளிநாட்டுப் படம் காட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கிடங்கில் சன்னலுக்கெல்லாம் சாக்கு மாட்டி இருட்டாக்கி, பிரெஞ்சுப் படம் ஒன்றை ஓட்ட ஏற்பாடு செய்தார். முதலாளியும் அவர் ஆட்களும் முன்னால் நாற்காலியில். வேலைநிறுத்தத்தில் இருந்த எங்கள் ஆட்கள் பின்னால் சாக்கின் மேல். அந்த இரண்டு கூட்டமும் ஒரே கூரையின் கீழே உட்கார்ந்தது அந்த வருஷத்தில் அன்று மட்டும்தான்.

படத்தில் கீழே ஆங்கில எழுத்துக்கூட ஓடாது என்றார் வாத்தியார். ஒரு பக்கக் கதைச்சுருக்கத்தை என் கையில் கொடுத்தார். "நீங்கதான் நல்லாப் பேசுவீங்களாமே. மைக்கப் புடிச்சு ஜனங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க." சொல்லிவிட்டு, மெஷின் ஓட்டுகிற பையனை மட்டும் விட்டுவிட்டு, முதலாளி வீட்டு விருந்துக்குப் போய்விட்டார். என் ஆங்கிலம் உர மூட்டை ஆங்கிலம். எழுத்துக்கூட்டியதில் விளங்கியது இவ்வளவுதான்: இரண்டு ஆண், ஒரு பெண், மூவரும் சேர்ந்து வாசிக்கிறவர்கள். பெண்ணிடம் வயலின். ஒருவன் அதைவிடப் பெரிய வயலினை முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிறான், வாயாடி. இன்னொருவன் பியானோ, ஊமைக் கோட்டான்.

படம் ஓட ஆரம்பித்தது. பியானோக்காரன் விரலைக் கட்டைமேல் வைத்ததும் சாக்கிலிருந்து ஒரு குரல், "அட, நம்ம பெட்டிக்காரரு மாதிரியே இருக்கான்டா!" எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து டீச்சரின் சிரிப்பும் கேட்டது.

பாதிப் படத்தில் பியானோக்காரன் அந்தப் பெண்ணை ஓர் ஆற்றுப் பாலத்துக்கு அழைத்துப்போய், தலையைக் குனிந்துகொண்டு ஏதோ நீளமாகச் சொன்னான். அவள் கண் கலங்கினாள். என்ன சொன்னான் என்று காகிதத்தில் இல்லை. என் வயிற்றெரிச்சலில் இருந்தது. மைக்கில் சொன்னேன்: "அவன் என்ன சொல்கிறான் தெரியுமா? எனக்கு வெளியூரில் ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறான்!"

கிடங்கே கொதித்தது. "பேசாத ஆளெல்லாம் இப்புடித்தாண்டி" என்றாள் ஒரு அக்கா. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அவன் கூலியப் புடிங்கடா!"

"கூலியப் புடிக்கிறதுலயே குறியா இருக்காங்கய்யா!" என்றது சாக்கு.

இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பிறகு பியானோக்காரன் தும்மினால்கூடப் பொய் என்றேன். இருட்டில் பந்தல்காரரைத் தேடினேன். சுவரோரம் குத்துக்காலிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுகூட எனக்கு இரக்கம் வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

கடைசிக் காட்சியில்தான் மாட்டிக்கொண்டேன். அந்தப் பெண் வயலினைக் கீழே வைத்துவிட்டுப் போய், பியானோக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தோளில் விரலால் தாளம் தட்டினாள். அவன் அழுதுகொண்டே வாசித்தான். "பொண்டாட்டி இருக்கறவன் தோள்ல ஏம்மா கைய வைக்கிற?" என்று சாக்கு கத்தியது. "கடைசித் தடவையாக விடைபெறுகிறாள்" என்று சமாளித்தேன். கைதட்டல்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. களத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் வந்து முதுகில் தட்டினார்கள். டீச்சரும் வந்தார். இன்று சொல்லிவிடலாம் என்று ஒரு துணிச்சல் கிளம்பியது.

"நல்லா சொன்னீங்க தோழர்," என்றார். "பாலத்துல அவன் சொன்னது மட்டும் வேறங்க."

"எது?"

"பொண்டாட்டின்னு ஒரு வார்த்தை வரல. காது கேக்காமப் போய்க்கிட்டு இருக்குன்னு சொன்னான். இன்னும் கொஞ்ச நாள்ல நீ வாசிக்கிறது எனக்குக் கேக்காது, நீ அந்தப் பெரிய வயலின்காரனோடயே இருந்துக்கன்னு சொன்னான். அதான் அவ தோள்ல தாளம் போட்டா."

"உங்களுக்கு எப்படி..."

"எங்கப்பா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல இருந்தவருங்க. இன்னமும் பென்ஷன் அங்கேருந்துதான் வருது. நான் எட்டாவது வரைக்கும் கன்னியாஸ்திரீங்ககிட்ட அந்தப் பாஷையிலதான் படிச்சேன்."

காரைக்கால் என்றால் எங்கள் ஊரில் சாராயப் பாட்டில்தான் ஞாபகம் வரும். பஸ்ஸில் மறைத்து எடுத்து வருவதைப் பற்றி மைக்கிலேயே எத்தனை நகைச்சுவை சொல்லியிருப்பேன்! அந்த ஊரை ஆண்டது யார் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை பாருங்கள்.

"அங்கயே எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாமே, தோழர்?"

"நீங்க தெரியாமச் சொல்றீங்கன்னு மொதல்ல நெனச்சேன். அப்புறம் நம்ம பெட்டிக்காரரத் திட்டுறாப்ல ஒவ்வொண்ணாச் சொல்லவும், அவரு மூஞ்சியத் திரும்பித் திரும்பிப் பாத்தேன். ஊரே ஏசுனப்ப, என்னமோ தானே தப்பு பண்ணுன மாதிரி உக்காந்திருந்தாரு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "போங்க. போயி அவருகிட்ட நெசக் கதையச் சொல்லிட்டு வாங்க."

"நீங்களே சொல்லலாமே."

"மாத்துனது நீங்கதானே?"

பந்தல்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். பெண்டாட்டி கதை நான் கட்டியது என்று சொன்னேன். பாலத்தில் அவன் சொன்னதையும், தோளில் தாளம் போட்டது ஏன் என்பதையும் சொன்னேன்.

"அப்ப அவன் நல்லவனா?" என்றார்.

"நல்லவன்தான்."

ஏன் மாற்றினாய் என்று கேட்பார், அடித்தாலும் அடிப்பார் என்று நின்றேன். அவர் கேட்கவே இல்லை. முகம் மட்டும் மலர்ந்தது, பெரிய பழி ஒன்று நீங்கினதுபோல. களத்தைத் தாண்டி டீச்சர் நின்ற பக்கம் பார்த்தார். டீச்சரும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை சளியும் இல்லை, சுருதியும் இல்லை.

அவர்கள் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசியதும் நான்தான், வேறு யாரைக் கூப்பிடுவார்கள்! பேசி முடித்து இறங்கியபோது, எப்போதிலிருந்து இது என்று டீச்சரிடம் விளையாட்டாகக் கேட்டேன். சளி பிடித்த அந்த நாளைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதைக் கேட்டால் நான் தோற்றது நியாயம்தான் என்று ஒரு ஆறுதல் இருந்திருக்கும்.

"படம் ஓட்டுன அன்னைக்கு வரைக்கும் நல்லாப் பெட்டி வாசிக்கிற ஒரு தோழருன்னுதாங்க நெனச்சிருந்தேன்," என்றார். "நீங்க அந்தப் பொண்டாட்டி கதையச் சொல்லலன்னா நான் அவரத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."