"பொறுங்க" என்று சொன்ன மெஷின்

அம்மோனியா நெடி, இறால் ஓட்டின் கவிச்சி, நடுவில் அந்த ஒரே ஏசி ரூமின் சில்லென்ற காற்று... எண்பதுகளின் கடைசி என்றாலே எனக்கு முதலில் மூக்கில் வந்து நிற்பது இதுதான்.

காரைக்காலில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனி. நான் அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் தெருவுக்கே நான்தான் முதல்! பாண்டிச்சேரியில் தங்கி கோர்ஸ் முடித்துவிட்டு வந்தபோது, "பொம்பளப் புள்ளைக்கு மிஷினு வேலையா?" என்று மாதா கோயில் வாசலில் கேட்காத ஆளில்லை.

எங்கள் மெஷின் இன்றைய பாஷையில் ஒரு சர்வர். பாதி ஃப்ரிட்ஜ் உயரம் இருக்கும். கூடவே சில டெர்மினல்கள், வரிக்கு வரி அலறும் ஒரு பிரிண்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரலாம், மேனேஜர் உட்பட. வெயில் காலத்தில் "ஸ்டாக் பாக்கணும்மா" என்று சாக்குச் சொல்லிக்கொண்டு ஆபீசே உள்ளே வந்து நிற்கும்.

ஆனால் கரண்ட் போய் வந்தால் மட்டும் மெஷின் மக்கர் பண்ணும். எல்லாம் ஸ்டார்ட் ஆனதாக ஸ்கிரீனில் வரும், பிரிண்டர் மட்டும் அசையாது. மெட்ராஸிலிருந்து வந்து மாட்டிக்கொடுத்த இன்ஜினியருக்கு போன் போட்டால், "ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க" என்பார். போடுவோம். சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது.

அப்படி ஓர் ஐப்பசி மழை நாள்... காலையிலேயே கரண்ட் போய்விட்டுத் திரும்பி வந்தது. வாசலில் ஃப்ரீசர் லாரி இறாலோடு இன்ஜினை ஓடவிட்டு நிற்கிறது. மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு போயாக வேண்டும். பில், பெட்டிக் கணக்கு என்று பேப்பர் இல்லாமல் லாரி கிளம்ப முடியாது. பேப்பர் வர வேண்டியது என் பிரிண்டரிலிருந்து.

பிரிண்டர் கம்மென்று இருக்கிறது.

மேனேஜர் சந்தானம் சார் திருநள்ளாற்றுக்காரர். நெற்றி நிறைய விபூதி, மூக்கு நிறையக் கோபம்.

"ஆஃப் பண்ணிட்டுப் போடும்மா ஸ்டெல்லா!"

போட்டேன். அசையவில்லை. மறுபடி போடச் சொன்னார், அதே கதை.

"இன்னைக்கு இதுலேருந்து பேப்பர் வரலன்னா மெட்ராஸுக்கே பார்சல் பண்ணிடுவேன். நமக்கு டைப் மிஷினே போதும்."

மெஷின் போனால் என் வேலையும் போச்சு.

பக்கத்து ரூமில் டைப்பிஸ்ட் காதர் பாய் கார்பன் பேப்பரை அடுக்க ஆரம்பித்துவிட்டார். "என்னாம்மா, ஒன் பொட்டிக்கு ஜலதோஷமா? நான் சாயங்காலத்துக்குள்ள அடிச்சிருவேன்." சாயங்காலம் வரை கப்பல் காத்திருக்குமா என்ன?

அப்போதுதான் பார்த்தேன். டிஸ்க்கின் சிவப்பு விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் ஸ்டார்ட் ஆனதும் அடங்கிவிடும். இன்றைக்கு இன்னும் ஏதோ வேலை ஓடுகிறது உள்ளே.

பளிச்சென்று புரிந்தது. முதலில் எழ வேண்டியது, சரக்குக் கணக்கு வைத்திருக்கும் ஸ்டாக் புரோகிராம். பிரிண்ட் புரோகிராம் அதனிடம் கேட்டுத்தான் அடிக்கும். கரண்ட் பட்டென்று போன நாளில், ஸ்டாக் புரோகிராம் பாதியில் நின்ற கணக்கையெல்லாம் சரி செய்துவிட்டுத்தான் பேசும். அதற்குள் பிரிண்ட் புரோகிராம் வந்து கேட்கிறது, பதில் இல்லை, சத்தமில்லாமல் படுத்துவிடுகிறது. பந்தியில் இலை போட்டாச்சு, சாம்பார் வாளியும் வந்தாச்சு, சோறு இன்னும் வடிக்கவில்லை... அந்தக் கதைதான்! நாங்களோ அவசரப்பட்டு ஆஃப் பண்ணிப் பண்ணி அதைத் திரும்ப முதலிலிருந்து சரி செய்ய வைத்துக்கொண்டிருந்தோம்.

சந்தானம் சார் கை மறுபடியும் சுவிட்சுக்குப் போனது.

"கை வைக்காதீங்க சார்!"

கத்திவிட்டேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. சாருக்கு முகம் சிவந்துபோச்சு.

"கொஞ்சம் பொறுங்க சார். அந்த வெளக்கு அடங்கட்டும்."

"அடங்கலன்னா?"

"நானே பார்சல் கட்டித் தர்றேன்."

எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்! சார் நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்கையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே லாரி டிரைவர் ஹாரனை அமுக்குகிறார். எனக்கு ஏசியிலும் வியர்க்கிறது. மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுக்கிறது...

விளக்கு அடங்கியது. பிரிண்ட் புரோகிராமை மட்டும் கையால் ஸ்டார்ட் செய்தேன்.

கர்ர்ர்ர்... என்று அலறியது பாருங்கள் பிரிண்டர்! அதைவிட நல்ல சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. காதர் பாய் ஓடி வந்து எட்டிப் பார்த்து, "மாஷா அல்லாஹ், பொழச்சிருச்சே!" என்றார். அப்புறம் போய்க் கார்பனை எடுத்து உள்ளே வைத்தார். லாரி கிளம்பியது.

அந்த வாரமே, மெஷின் ஸ்டார்ட் ஆகும்போது எது எதற்குப் பின் எழ வேண்டும் என்று சொல்லும் ஃபைலைத் திறந்து என் கையால் மாற்றினேன். ஸ்டாக் புரோகிராமைக் கூப்பிடு, அது பதில் சொல்லும் வரை நில், அப்புறம்தான் பிரிண்ட் புரோகிராம். நிற்கும் நேரத்தில் ஸ்கிரீனில் ஒரு வரி வருகிற மாதிரி எழுதினேன். இங்கிலீஷ் எழுத்தில், நம்ம தமிழில்: "பொறுங்க, ஸ்டாக் இன்னும் ரெடி இல்ல."

அதற்கப்புறம் கரண்ட் எத்தனை தடவை போய் வந்தாலும் ஒருத்தரும் சுவிட்சைத் தொடவில்லை. "பொறுங்கன்னு சொல்லுதுய்யா" என்று டீயைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள்.

சில மாதம் கழித்து மெட்ராஸ் இன்ஜினியர் சர்வீசுக்கு வந்தார். அந்த வரியைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க இது? எடுத்துட்டுப் பழையபடி மாத்திடுறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சந்தானம் சார் குரல்.

"அதுல கை வைக்காதீங்க சார். அது எங்க ஸ்டெல்லா எழுதுனது."

இப்போது என் போனே அந்த மெஷினைவிட எத்தனையோ மடங்கு பெரிய ஆள். அதுவும் சில நேரம் திணறும்... வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லாது. பேரன் படபடவென்று தட்டுவான், ஆஃப் பண்ணப் போவான்.

"கை வைக்காதடா, பொறு" என்பேன்.

சொல்லும்போதே முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது.