ஃபியூஸ் இல்லாத வயர்

ஜெயசீலி சண்டைக்காரி இல்லை. பெருங்களத்தூரில் அவள் குடியிருக்கும் அடுக்ககத்தில் தண்ணீர் லாரி வராத நாளில்கூட அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பொத்தேரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. கணவர் ஃபிரெடிக்கு ஒரகடத்தில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒரே மகள் ஆஷாவுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் இருக்கிறது, பேச்சு வரவில்லை.

ஆஷாவைப் பயிற்சிக்காகக் கேளம்பாக்கம் கூட்டிப் போக வேண்டும். பஸ்ஸில் அந்தக் கூட்டமும் ஹாரன் சத்தமும் அவளுக்கு ஆகவே ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு தலையை ஜன்னல் கம்பியில் முட்டுவாள். அதனால்தான் ஜெயசீலி முப்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு பழைய காரையும் வாங்கினாள்.

காரில் ஆஷா அமைதியாக உட்கார ஒரே வழி பாட்டு. அதுவும் உள்ளங்கை அளவு இருக்கும் அந்தப் பழைய மியூசிக் பிளேயரில் ஓடும் பாட்டு மட்டும். பொத்தான்கள் அவள் விரலுக்குப் பழக்கம். செல்போனில் போட்டால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், பாட்டு நிற்கும், அவள் அலறுவாள். ஆனால் பிளேயரின் பேட்டரி செத்துப்போய்விட்டது. கரன்ட் கொடுத்தால்தான் பாடும். காரில் இருந்த சார்ஜர் சாக்கெட்டோ லொடலொடவென்று ஆடியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பாட்டு அறுந்தது.

கூடுவாஞ்சேரியில் ரத்தினம் என்பவரின் கார் அலங்காரக் கடை இருந்தது. அங்கே போய், பின் சீட்டு வரைக்கும் நிலையாக ஒரு வயர் இழுத்துத் தரச் சொன்னாள். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்த மெக்கானிக் சீக்கிரமே வெளியே வந்தான். பாட்டு ஓடியது. கூடவே ‘கொய்ங்’ என்று ஒரு சத்தமும், பிளேயரை இணைத்திருந்த கார் ஸ்பீக்கரில் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் ஏறியது. ஆஷா காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாளே திரும்பப் போய்ச் சொன்னாள். ரத்தினம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“அது இன்ஜின் சத்தம் மேடம். பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்.”

“வயர் போடறதுக்கு முன்னாடி இல்லையே.”

“நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. வேணும்னா சாரை வரச் சொல்லுங்க, அவர்கிட்ட சொல்றேன்.”

வண்டி அவளுடையது. ஓட்டுவது அவள். வயர் போடச் சொன்னதும் அவள். விளக்கம் மட்டும் சாருக்கு! அன்றைக்கு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில், கண்டிகையைத் தாண்டியதும் திடீரென்று பாட்டு நின்றது. ரப்பர் தீய்கிற நாற்றம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்து புகை கிளம்பி முகத்தில் அடித்தது. வண்டியை ஓரங்கட்டி, இறங்கி ஓடி, பின் கதவைத் திறந்தாள். ஆஷா வர மறுத்தாள். பாட்டு நின்ற அதிர்ச்சியில் பிளேயரை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, சீட்டில் காலை உதைத்து அலறினாள். பெல்ட்டைக் கழற்ற விடாமல் அம்மாவின் மணிக்கட்டைக் கடித்தாள்.

இரண்டு பைக்குகள் நின்றன. உதவத்தான் நின்றார்கள் என்று நினைத்தால், செல்போனை எடுத்து வீடியோ பிடித்தார்கள்.

எதிரே டீக்கடை வைத்திருந்த பச்சையம்மாதான் ஓடிவந்தாள். “இன்னாடா படம் புட்ச்சினுகீறீங்க? கொய்ந்த உள்ளே கீது!” என்று கத்தியபடி, ஜெயசீலியோடு சேர்ந்து ஆஷாவை இழுத்து வெளியே எடுத்தாள். டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் ஸ்பேனரோடு வந்து பானட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்றினார். புகை அடங்கியது. அவர் உள்ளே கைவிட்டு, கருகிப்போன வயரை உருவி எடுத்தார்.

“யாரும்மா இந்த வேலைய பண்ணது? மெயின் வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுத்தி வுட்டுருக்கான். நடுவுல ஒரு ஃபியூஸ் இல்ல. கம்பி ஓரத்துல உரசி உரசி தோல் கிழிஞ்சிருக்கு. ஃபியூஸ் இருந்தா அது போயிருக்கும், இப்படி எரிஞ்சிருக்காது.”

ஜெயசீலியின் கடிபட்ட மணிக்கட்டில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு ரூபாய் பெறாத ஒரு சின்னத் துண்டு. அதைப் போடாமல் விட்டிருக்கிறான். அந்த வயரின் மறுமுனை அவள் பிள்ளையின் கையில் இருந்தது.

வீட்டில் ஃபிரெடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நல்லவேளை, ஒண்ணும் ஆகல. விட்டுடு ஜெயா. ஒரு பாட்டுப் பொட்டிக்காகக் கடை கடையா ஏறி சண்டை போடணுமா?” என்றார்.

“பாட்டுப் பொட்டிக்காக இல்லைங்க. அவன் என்கிட்ட பொய் சொன்னான். நான் பொம்பள, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னான். நீங்களும் இப்ப அதையேதான் சொல்றீங்க.”



சனிக்கிழமை அவள் தனியாகப் போனாள். கடையில் நல்ல கூட்டம். கருகிய வயரை ரத்தினத்தின் மேஜைமேல் வைத்தாள்.

அவர் அதைத் தொடக்கூட இல்லை. “இது எங்க வயரே இல்ல மேடம். வெளியில யார்கிட்டயாவது குடுத்துக் கை வெக்க விட்டிருப்பீங்க. லேடீஸ் ஓட்டுற வண்டில இதெல்லாம் சகஜம்.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெயசீலி அவர்கள் பக்கம் திரும்பினாள்.

“சிரிங்க. இந்த வயர் எரிஞ்சப்ப என் பொண்ணு வண்டிக்குள்ள இருந்தா. அவளால கூப்பிட முடியாது. இறங்கி ஓடவும் தெரியாது. இதுல ஃபியூஸ் இல்ல. உங்க வண்டியில இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் சிரிங்க.”

சிரிப்பு நின்றது. காத்திருந்தவர்களில் கால் டாக்ஸி ஓட்டும் சிட்டிபாபு என்பவர் எழுந்தார். போன மாதம்தான் இதே கடையில் தன் வண்டிக்கு செல்போன் சார்ஜர் வயர் போட்டிருந்தார். நேராக வெளியே போய், ஸ்டியரிங்குக்குக் கீழே மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். அதே முறுக்கு, அதே கறுப்பு டேப்.

“யோவ் ரத்தினம், இங்க வாய்யா! இதுல ஃபியூஸ் எங்க கீது, காட்டு. நானு ராப்பகலா சவாரி ஏத்திகினு போறேன். எரிஞ்சா யாரு பதில் சொல்றது, நீயா நானா?”

அப்புறம் இன்னொருவர் தன் வண்டியைத் திறந்தார். ரத்தினம் அப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்தார். “பசங்க பண்ணிட்டாங்க, நான் பார்க்கல” என்றார். பழியை மெக்கானிக்மேல் போட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு வாசலில் இருந்த வண்டிகளையெல்லாம் மறுபடி பிரித்து, ஃபியூஸ் வைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. கடைசி வண்டி வரைக்கும் ஜெயசீலி வெயிலில் நின்று பார்த்தாள்.

“உங்க வண்டியும் கொண்டாங்க மேடம், ஃப்ரீயா பண்ணித் தர்றேன்” என்றார் ரத்தினம்.

“என் வண்டியில இனிமே நீங்க கை வைக்கக் கூடாது.”

தாம்பரம் கேம்ப் ரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வேலையைக் கொடுத்தாள். ஃபியூஸ் எங்கே, எர்த் எங்கே என்று ஒவ்வொன்றையும் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் மூடியைப் போட விட்டாள். ‘கொய்ங்’ சத்தமும் போய்விட்டது. எர்த் சரியாகக் கொடுக்காததால் வந்த இரைச்சல் அது. ஆஷா மறுபடி காரில் ஏறுவதற்குத்தான் நாளானது. கதவைத் திறந்தாலே பின்வாங்கினாள். நின்ற வண்டியில் கதவையெல்லாம் திறந்து வைத்து, பாட்டைப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பழக்க வேண்டியிருந்தது. இப்போது போய் வருகிறார்கள்.

ரத்தினம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. போன வாரம் கூடுவாஞ்சேரி பக்கம் போனபோது அவர் கடை வாசலில் புதுப் பலகை தொங்குவதை ஜெயசீலி பார்த்தாள். ‘ஃபியூஸுடன் கூடிய பாதுகாப்பான வயரிங். உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பே எங்கள் அக்கறை.’

வீட்டுக்கு வந்து அதை ஃபிரெடியிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

“அக்கறையாம்!” என்றாள். சோற்றில் கை வைத்தவள், வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.