டவுசர் பையில் மறைத்த அட்டை

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவனைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகப் புற்றுநோய்க்கு, ஆபரேஷனுக்கு முன்பே எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசி போட்டுப் பார்க்கும் ஆய்வில் சம்மதித்துச் சேர்ந்தேன். எந்த டாக்டரிடம் போனாலும் காட்டச் சொல்லி, சென்னை ஆஸ்பத்திரி நர்ஸ், இந்த ஊசி விவரம் எழுதிய ஓர் அட்டை கொடுத்தார்.

"பொண்ணுக்கு வரன் பாக்கறப்ப, இத்த இன்னாத்துக்கு மாமா ஊருக்கே காட்டுற?" என்றான் மச்சான். வேட்டிக்குள் டவுசர் பையில் மறைத்தேன்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. செஞ்சி டாக்டரிடம், ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொன்னேன். நான்காம் நாள் பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்தேன். அதே டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். அங்கே துணி மாற்றும்போது அட்டை கிடைத்தது.

"உன் எதிர்ப்புச் சக்தியே குடலத் தாக்குதுய்யா! இத்தப் போயி மறைப்பியா?" என்று டாக்டர் கத்தினார். சென்னைக்குப் பேசி மருந்தை மாற்றினார். பிழைத்தேன், ஆபரேஷன்தான் தள்ளிப்போனது.

மச்சான் மீதும், தலையாட்டிய என் மீதும் கோபம் ஆறவே இல்லை. இப்போது அட்டை சட்டைப் பையில், வெளியே தெரியும்படி இருக்கிறது. வல்லத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடமும், மச்சான் முறைக்க முறைக்க, நானே எடுத்து நீட்டினேன்.

எழுதி முடித்தது: ஆவணி 5.